கொடைக்கானல் குளிரில் வால்வு ஆம்பா, டிஜிட்டல் ஆம்பா?

நாயுடுபுரத்துத் தம்பிக்கு வணக்கம். இதே குழப்பத்தில் இம்மலையில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள் என்பதால், உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களுக்குச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீடு. ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிக்கிறீர்கள். சீசன் மாதங்களில் சனிக்கிழமை இரவு ஒரு விடுதியில் நண்பர்களுடன் வாசிக்கிறீர்கள். ஊரைவிட்டுப் போகும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பல வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் வால்வு ஆம்பை, அதாவது வால்வுகளால் இயங்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை, குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஏறக்குறைய அதே பணத்துக்கு, வால்வு ஆம்புகளின் ஒலியைக் கணக்கால் நகல் செய்யும் புதிய டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் ஒன்று கிடைக்கும். அசலை விட்டுவிட்டு நகலை வாங்குவார்களா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எதை வாங்குவது என்பதே கேள்வி.

டிஜிட்டலை வாங்குங்கள் என்பது என் பதில். ஆனால் கடைக்காரர்கள் சொல்லும் காரணங்களுக்காக அன்று. ஒரே பெட்டிக்குள் நூறு ஆம்ப் இருக்கிறது என்பது எனக்கு ஒரு காரணமே ஆகாது. நூறில் நீங்கள் வாசிக்கப் போவது மூன்றைத்தான். வால்வு ஒலி என்று நாம் இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டு ஆசைப்படும் ஒலி, வால்வு ஆம்ப் தன் எல்லைவரை உழைக்கும்போது வரும் ஒலி. உங்கள் வீட்டிலும் ஆலயத்திலும் அந்த ட்வினை அந்த எல்லைக்குக் கொண்டுபோக உங்களால் ஒருநாளும் முடியாது. எல்லைக்குப் போகாத அசலைவிட, எல்லையில் நிற்கும் அசலைப் பார்த்து எடுத்த நகல், நீங்கள் தேடும் ஒலிக்கு நெருக்கமாக இருக்கும். இது ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். அதன் நடுவிலுள்ள கேத்தோடு சூடேறியதும் எலக்ட்ரான்கள் அதிலிருந்து வெளிப்பட்டு, உயர்ந்த நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் கிரிட் என்னும் கம்பிச் சுருள் இருக்கிறது. வாய்க்கால் மதகை ஒரு விரற்கடை தூக்கினாலும் தாழ்த்தினாலும் பாயும் நீரின் அளவு பெரிதாக மாறுவதைப்போல, கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தம் இந்தக் கிரிட்டில் ஏறி இறங்கும்போது, பிளேட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அதே வடிவில் ஏறி இறங்குகிறது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இந்த மூன்றாவது உறுப்பைச் சேர்த்த நாளிலிருந்து ஒலிபெருக்கத்தின் அடிப்படை இதுதான். ட்வினில் உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கம் காகிதக் கணக்கில் 100 மடங்கு. சுற்றில் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஐம்பது, அறுபது மடங்கு கிடைக்கும்.

மதகு முழுவதும் திறந்தபின் மேலும் திறக்க இடமில்லை. முழுவதும் மூடியபின் மேலும் மூட வழியில்லை. கிட்டாரின் மின் சைகை (சிக்னல்) அந்த அளவைத் தாண்டும்போது அலையின் உச்சி நசுங்குகிறது. வால்வில் இந்த நசுங்கல் சட்டென்று கத்தியால் வெட்டியதுபோல் நிகழாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிகழ்கிறது. தொடக்க நிலைகளில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அளவில் நசுங்குவதும் இல்லை. அலையின் வடிவம் மாறினால் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். தம்புராவின் ஜீவாவைச் சரியாக வைத்ததும் ஒரு தந்தியிலிருந்தே மேல் ஷட்ஜமும் அதற்கும் மேலே பஞ்சமமும் எழுந்து வருவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று. இரண்டாம் மேற்சுரம் மேல் ஸ்தாயி ஷட்ஜம், மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். தந்தியில் முன்பு இல்லாத அல்லது மெல்லியதாக இருந்த இவற்றை வால்வு தடிக்க வைக்கிறது. ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டினால் இரண்டின் வேறுபாடாக ஒரு கீழ் ஷட்ஜமும் தோன்றி ஒலி மலைபோல் நிற்கிறது. அதோடு காந்தாரத்தையும் சேர்த்து முழு கார்டாக மீட்டினால் கலங்கிவிடுகிறது. கிட்டாரின் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதல் என்பதால் உண்டாகும் அதிர்வுகளை நசுங்கல் வெளியே இழுத்துக் காட்டிவிடும். கனமான ஓவர்டிரைவில், அதாவது இப்படி நசுங்கிக் கரகரக்கும் ஒலியில், வாசிப்பவர்கள் இரண்டு சுரக் கார்டுகளோடு நின்றுவிடுவதன் காரணம் சோம்பல் அன்று.

இதுவரை சொன்னது ஆம்பின் முன்பகுதியில் நடப்பது. இந்தப் பகுதியை நகல் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையில் வைத்துக் காலால் இயக்கும் சின்ன மிதிபெட்டிகள் பல ஆண்டுகளாகவே ஓரளவு செய்துவருகின்றன. விரல்களுக்கு உண்மையில் தெரிகிற வேறுபாடு பின்பகுதியில் இருக்கிறது: பவர் வால்வுகள், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் பகுதி. இவை நான்கும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. கிட்டார் ஸ்பீக்கரின் மின்தடை பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லாச் சுரங்களுக்கும் 8 ஆக இருப்பதில்லை. கூம்பு இயல்பாக அதிரும் தாழ்ந்த சுரத்தில் பல மடங்கு ஏறும், மேலே போகப் போக மறுபடியும் மெதுவாக ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பொதுவாக இதைப் பொருட்படுத்தாமல் ஒரே மின்னழுத்தத்தைத் தள்ளும். வால்வு ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து வளைகிறது. அதனால் அடிச்சுரம் சற்றுத் தளர்ந்து உருண்டும், மேற்சுரம் சற்றுப் பளிச்சென்றும் வருகிறது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரும் வால்வாக உள்ள ஆம்புகளில் இன்னொன்றும் உண்டு. பலமாக ஒரு கார்டை அடித்தவுடன் உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, பிறகு மீள்கிறது. ஒலி முதலில் அமுங்கி, அப்புறம் மலர்வதுபோல் இருக்கும். கனமான கட்டையை ரப்பர் கயிற்றில் கட்டி இழுப்பதுபோன்ற ஓர் இழுவிசை விரலுக்குத் தெரியும். கிட்டார்காரர்கள் சொல்லும் 'ஃபீல்' என்பதில் பெரும்பகுதி இந்தச் சரிவும் மீட்சியும்தான்.

இங்கே உங்கள் ட்வினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ட்வின் ரிவர்ப் வெளிவந்தது 1963இல். நான்கு 6எல்6 பவர் வால்வுகள், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 85 வாட். அதில் ரெக்டிஃபையர் வால்வு கிடையாது, டயோடுகள்தான். அதாவது, எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் சரியாமல், நசுங்காமல், கண்ணாடிபோல் சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே அதை வடிவமைத்தார்கள். நண்பர்கள் கனவு காணும் கரகரப்பான வால்வு ஒலி இந்தப் பெட்டியிலிருந்து வரவேண்டுமானால், பெரிய திடலில் குமிழை ஏழு எட்டுக்கு மேல் திருப்ப வேண்டும். உங்கள் பயன்பாட்டில் அது சுத்தமான ஒலியும் அழகான ஸ்பிரிங் ரிவர்பும் (சுருள்வில்லால் உண்டாக்கும் எதிரொலி) தருகிற ஆம்ப், அவ்வளவே. நகல் செய்ய டிஜிட்டலுக்கு மிகவும் எளிதான வகையும் அதுவே. ஃபெண்டர் நிறுவனமே 2019இல் டோன் மாஸ்டர் என்ற பெயரில் ட்வினின் டிஜிட்டல் வடிவத்தைக் கொண்டுவந்தது. பழையது ஏறத்தாழ 30 கிலோ என்றால் இது அதில் பாதி. அந்த 85 வால்வு வாட்டுக்கு ஈடு கொடுக்க உள்ளே 200 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப் வைக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள். நசுங்கும்போதும் அழகாக இருக்கும் வாட்டும், நசுங்கினால் அசிங்கமாகிவிடும் வாட்டும் ஒன்றல்ல.

சத்தத்தின் கணக்கைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர், வெறும் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கும். சின்ன அறையில் அது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவு. வாட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல்தான் தோன்றும்; ஆகவே 85 வாட்டுக்குப் பதிலாக 8 வாட் வால்வு ஆம்ப் வாங்கினாலும் நாயுடுபுரத்தில் உங்கள் சிக்கல் தீராது. எல்லைக்குப் போன 8 வாட் வால்வு ஆம்ப் ஒரு டிரம்ஸ் செட்டோடு சரிக்குச் சரி நிற்கும். மாடலிங் ஆம்ப் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. நசுங்கல் கணக்கில் நடக்கிறது. சத்தம் வேறொரு குமிழில் இருக்கிறது. பாஸ் கட்டானா 50 போன்ற ஆம்பில் அரை வாட் நிலையே தனியாக உண்டு.

அப்படியானால் அந்தக் கணக்கு எவ்வளவு உண்மையானது? தொடக்க காலத்தில் கேலிக்குரியதாகத்தான் இருந்தது. ரோலண்டின் விஜி-8 1995இலும், லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212 ஆம்ப் 1996இலும், சிறுநீரக வடிவில் சிவப்பாக இருந்த பாட் 1998இலும் வந்தன. அவற்றின் ஒலி ஒரு பாடலின் பதிவுக்குள் ஒளிந்துகொள்ளும். தனியாகக் கேட்டால் தேனீக்கூட்டைப் பெட்டியில் அடைத்ததுபோல் இருக்கும். காரணம் எளிது. டிஜிட்டல் கருவி ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குகிறது என்றால், 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அதனால் குறிக்க முடியாது. ஆனால் நசுங்கலோ மேலே மேலே மேற்சுரங்களைப் பிறப்பித்துக்கொண்டே போகும். எல்லையைத் தாண்டியவை மறைவதில்லை. சுவரில் பட்ட பந்துபோல் கீழே திரும்பி, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சுரங்களாக வந்து விழுகின்றன. தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றும்போது பின்னணியில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது கேட்டால் அது இந்தக் குறைதான். கணக்கை மட்டும் பல மடங்கு வேகத்தில் செய்துவிட்டு, வேண்டாததை வடிகட்டி, பிறகு பழைய வேகத்துக்கு இறங்குவது இதற்கு மருந்து. அதற்குத் தேவையான கணிப்புத் திறன் 1998இல் இந்த விலையில் கிடைக்கவில்லை. இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது.

இன்றைய கருவிகள் மூன்று வழிகளில் போகின்றன. முதலாவது, சுற்றில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் சமன்பாடு எழுதி, ஒலியை அளக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தீர்ப்பது. 2006இல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015இல் வந்த ஹீலிக்ஸ் போன்றவை இந்த மரபைச் சேர்ந்தவை. இரண்டாவது, 2011இல் வந்த கெம்பர் செய்வது: உண்மையான ஆம்புக்குள் சோதனைச் சைகைகளை அனுப்பி, மைக் வழியே திரும்பி வருவதைக் கேட்டு, அந்த ஒரு நிலையின் குணத்தைப் பதிந்துகொள்வது. மூன்றாவது, உள்ளே போன ஒலியையும் வெளியே வந்த ஒலியையும் ஒரு நரம்பு வலையமைப்புக்கு (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரல்) காட்டி, இடையிலுள்ள உறவை அதுவே கற்றுக்கொள்ளும்படி செய்வது. இதற்கான திறந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியும், அதோடு மைக்கையும் கிட்டாரையும் இணைக்கும் ஓர் ஆடியோ இடைமுகமும் இருந்தால், ஆசிரியர் ஊரைவிட்டுப் போகுமுன் அவருடைய ட்வினையே நீங்கள் பதிந்துவைத்துக்கொள்ளலாம். ஒலியை மட்டும் ஒப்பிட்டால் கடைசி இரண்டும் மிகத் துல்லியமானவை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு நிலையின் நிழற்படங்கள். குமிழைத் திருப்பினால் அசல் ஆம்ப் எப்படி மாறுமோ அப்படி மாற வேண்டும் என்றால் முதல் வழிதான் நேர்மையானது.

இதைச் சோதிக்க ஒரு வேடிக்கையான முறை உண்டு. ட்வினில் ட்ரெபிள், மிடில், பேஸ் மூன்று குமிழ்களையும் பூஜ்யத்துக்குத் திருப்பினால் ஒலியே வராது. மூன்றும் ஒன்றோடொன்று பின்னப்பட்ட ஒரே சுற்று என்பதால், மூன்றும் மூடினால் சைகைக்குப் போக வழி இல்லை. கடையில் எந்த மாடலிங் ஆம்பைப் பார்த்தாலும், ட்வின் மாதிரியைத் தேர்ந்தெடுத்து மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். ஒலி அடங்கினால் அவர்கள் சுற்றை நகல் செய்திருக்கிறார்கள். தொடர்ந்து ஒலித்தால், ட்வின் என்ற பெயரை மட்டும் ஒட்டிய வேறொரு குமிழ்க் கூட்டம் அது; வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து வாங்குங்கள். இரண்டாவது சோதனை கிட்டாரின் வால்யூம் குமிழில். ஓவர்டிரைவ் மாதிரியை வைத்துக்கொண்டு கிட்டாரின் குமிழைப் பத்திலிருந்து நான்குக்கு இறக்குங்கள். நல்ல வால்வு ஆம்பில் கரகரப்பு கரைந்து சுத்தமான ஒலி மீளும், சத்தம் அந்த அளவுக்குக் குறையாது. மட்டமான மாதிரியில் கரகரப்பு அப்படியே இருக்க, சத்தம் மட்டும் குறையும்.

தாமதத்தைப் பற்றி நண்பர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். எண்ணாக்கி, கணக்கிட்டு, மீண்டும் ஒலியாக்கச் சில மில்லிவிநாடி ஆகும் என்பது உண்மை. ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகிறது. ஆகவே 3 மில்லிவிநாடித் தாமதம் என்பது ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஆலயத்தில் நீங்கள் ஆம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும்போது யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

டிஜிட்டல் உண்மையிலேயே தோற்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கடைகளில் சொல்லமாட்டார்கள். பெட்டிக்குள் ஸ்பீக்கரின் குணத்தை நகல் செய்ய, ஒரு ஸ்பீக்கர் முன் மைக் வைத்து, ஒரு கணநேர ஒலித்துடிப்புக்கு அது தரும் பதிலைப் பதிந்து, அந்தப் பதிவை உங்கள் வாசிப்பின் மேல் கணக்கால் பூசுகிறார்கள். காலியான ஆலயத்தில் ஒருமுறை கைதட்டினால் எழும் எதிரொலியிலேயே அந்தக் கட்டடத்தின் முழுக் குணமும் அடங்கியிருப்பதைப்போல, ஸ்பீக்கரின் குணமும் அந்த ஒரு துடிப்பில் அடங்கிவிடும். ஆனால் அது மைக் கேட்ட ஒலி. அறையில் உங்கள் முழங்காலுக்குப் பின்னால் நின்று காற்றைத் தள்ளும் பெட்டியின் ஒலி அன்று. ஹெட்ஃபோனில் அற்புதமாக இருந்தது நேரில் கேட்கும்போது எங்கோ பக்கத்து அறையில் ஒலிப்பதுபோல் தோன்றுவதன் காரணம் இதுதான். கிட்டார் ஸ்பீக்கர் உள்ள மாடலிங் ஆம்ப் வாங்கினால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். தரையில் வைக்கும் பெட்டியை மட்டும் வாங்கி ஆலயத்து ஒலிபெருக்கியில் செருகினால் நீங்காது. இன்னொரு பிழையை நீங்களே செய்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. மெல்லிய சத்தத்தில் காது தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைத்தே கேட்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை வரைபடமாக்கிவிட்டார்கள். ராத்திரி வீட்டில் மெதுவாக வைத்து பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி 'ஆகா' என்று சேமித்த ஒலி, ஞாயிறு காலை ஆலயத்தில் இடியும் ஈயப் பாத்திரமுமாக விழும். ஒலியை அமைப்பது எப்போதும் வாசிக்கப் போகும் சத்தத்தில்தான் நடக்க வேண்டும். முதல் சில வாரங்கள் அரை மணிநேரம் முன்னதாகப் போய் ஆலயத்திலேயே அமையுங்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். என் பதிலில் பாதி எடை இங்கேதான் இருக்கிறது. ட்வினில் பத்து வால்வுகள் உள்ளன. அவற்றின் இழைகளைச் சூடேற்ற மட்டும் 6.3 வோல்ட்டில் 5.4 ஆம்பியர், அதாவது 34 வாட், ஒரு சுரம்கூட வாசிக்காதபோதும் செலவாகும். இந்த 6.3 வோல்ட் பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. நம் வீட்டில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 ஆகச் சரிந்தால் இழைக்குக் கிடைப்பது 4.9 வோல்ட், ஆம்ப் மூச்சுத் திணறும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தம் மார்ஷல் ஆம்புக்கு வேண்டுமென்றே வேரியாக் என்னும் மின்னழுத்த மாற்றியால் மின்னழுத்தத்தைக் குறைத்து வாசித்தார் என்பது உலகறிந்த செய்தி. இங்கே டிசம்பர் மாலையில் ஊர் மொத்தமும் கீசரைப் போடும்போது அந்த வித்தை நமக்குக் கேட்காமலே கிடைக்கிறது. சிறிய டிஜிட்டல் கருவிகளின் அடாப்டரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் 180 வோல்ட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மரம் விழுந்து மின்சாரம் போய், திரும்பி வரும் அந்தக் கணத்தின் எழுச்சி இரண்டுக்குமே எமன். எதை வாங்கினாலும் கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும், உயர் மின்னழுத்தத்தையும் சற்று எளிதாகவே தாண்டவிடும். மின்கருவிகளின் பாதுகாப்பு விதிகளில் உறுப்புகளுக்கு இடையிலான இடைவெளி 2,000 மீட்டர் வரைக்குமே வழக்கமாகக் கணக்கிடப்படுகிறது. நாம் அந்தக் கோட்டுக்கு மேல் சற்று எட்டிப் பார்க்கிறோம். குளிர் நமக்கு ஓரளவு கைகொடுப்பதால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் 450 வோல்ட்டைத் தாண்டி ஓடும் பழைய ட்வினின் சாக்கெட்டுகளில் தூசியும் ஈரமும் சேர்ந்திருந்தால் பொறி பறக்கும்.

ஈரம்தான் இங்கே உண்மையான பகைவன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியின் துணி பூசணம் பூக்கும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தளரும், குமிழ்கள் கரகரக்கும். இதில் வால்வு ஆம்புக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. வாரம் இருமுறை ஒரு மணிநேரம் போட்டால் தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். டிஜிட்டல் பெட்டி அவ்வளவு சூடாவதில்லை. திரைக்குப் பின்னால் ஈரம் தங்கினால் தங்கியதுதான். பெட்டியின் மேல் பருத்தித் துணி போர்த்துங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். குளிரில் ஜீப்பில் வந்த ஆம்பைக் கூட்டம் நிறைந்த ஆலயத்துக்குள் கொண்டுவந்ததும் உள்ளே பனித்துளி படியும். அரை மணிநேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள்.

30 கிலோவைத் தூக்கிச் செல்வதை இருபத்திரண்டு வயதில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கேரல் ரவுண்ட்ஸின்போது பண்ணைக்காட்டு ஏற்றத்தில் அதை நீங்களே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் வால்வின் உள்ளுறுப்புகள் தளர்ந்து, தட்டினால் மணிபோல் ஒலிக்கத் தொடங்குவதும் உண்டு. மாற்று வால்வு வேண்டுமென்றால் இன்று உலகில் அதைப் பெரிய அளவில் செய்யும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவில் ஒன்று, பிறகு சீனா. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கிட்டார் உலகமே வால்வுக்காக அலைந்தது. ஒரு காலத்தில் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வு செய்தது. வத்தலக்குண்டில் என் அப்பா பழுதுபார்த்த ரேடியோக்களுக்குள் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கற்றேன். இப்போது 6எல்6 நான்கு வேண்டுமானால், ஒரே குணமுடைய நால்வராகப் பார்த்து வெளியூரிலிருந்து வரவழைத்து, பயஸ் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) அமைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

ஆசிரியரின் ட்வினுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் காந்தப் பாய்வு 20 விழுக்காடு கூடுதலாக ஏறும், கூடுதலாகச் சூடாகும். அவர் இத்தனை வருடம் வாசித்திருக்கிறார் என்றால் தாங்கியிருக்கிறது என்றே பொருள், ஆனால் ஸ்டெப்-டவுன் 500 வோல்ட்-ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எர்த் உண்மையாகவே அடிப்பெட்டிவரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு ஆலயத்து மைக்கில் உதடு வைத்துச் சுரீரென்று வாங்கியவர்கள் இங்கே பலர், நான் உட்பட. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருபது வருடமாக மாற்றப்படவில்லை என்றால் அவற்றுக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அவற்றில் உயிரைப் போக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். பின்பலகையை நீங்கள் திறக்க வேண்டாம்.

டிஜிட்டலுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடாதீர்கள். 1970களின் ட்வின் இன்றும் ஒரு சால்டரிங் அயர்னும் வரைபடமும் இருந்தால் உயிர் பெறும். நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு மாடலிங் பெட்டி, பழுது எதுவுமில்லாமலே செத்துவிட்டது. அதை இயக்கும் மென்பொருள் புதிய கணினிகளில் ஏறவில்லை, நிறுவனம் கைவிட்டுவிட்டது, உள்ளே சேமித்த ஒலிகளை வெளியே எடுக்கவும் வழியில்லை. ஆகவே செயலி இல்லாமலே முகப்புக் குமிழ்களால் முழுவதும் இயக்கக்கூடிய ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பத்து வருடத்தில் தேய்ந்துபோகும் பொருளாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிச் சொத்தாக அல்ல. ட்வின் அப்படியன்று. பராமரித்தவர் கையில் அதன் விலை குறைவதில்லை. வீட்டில் உலர்ந்த இடமும், திருப்பி விற்கும் பொறுமையும், இரண்டையும் வாங்கப் பணமும் இருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆசிரியர் சாமான்களைக் கட்டுமுன், ஒரு சனிக்கிழமை மதியம் அவரிடம் அனுமதி கேட்டு, அந்த ட்வினில் ஒரு மணிநேரம் வாசியுங்கள். மிதிபெட்டி எதுவும் வேண்டாம். கிட்டாரும் ஒரு ஒயரும் போதும். குமிழை ஆறுவரை ஏற்றி, விரலின் அழுத்தத்தாலும் கிட்டாரின் குமிழாலும் மட்டும் ஒலியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்போது விரலுக்குத் தெரிந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, மறுவாரம் மதுரைக் கடையில் மாடலிங் ஆம்பின் முன் உட்காருங்கள். அதோடு, அவர் வீட்டிலேயே ஒரு மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்து, அந்த ட்வினைப் பதிவுசெய்ய அவர் சம்மதித்தால், என்னிடம் ஆடியோ இடைமுகம் இருக்கிறது. பெருமாள்மலைக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.